சனிக்கிழமை முடியும் நேரம்

1983 மே 1, ஞாயிறு

இதைப் படிக்கிறவர் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கர்மேல்விளையில் வேதத்தைப் பதினோரு தடவை முழுக்கப் படித்தவன் ஒருவன்தான். அவன் பெயர் மாசிலாமணி. சைக்கிள் கடை வைத்திருக்கிறான். அது நான்தான். கொழும்பில் இருந்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிஷப்பே என்னிடம் சங்கீதத்தில் சந்தேகம் கேட்டிருக்கிறார். சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்த இடத்தில் கேட்டார், அவ்வளவுதான். படிப்பு ஏழாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதியை வாத்தியார் என்னிடமிருந்து கற்றுக்கொண்டார்.

இன்று கோயில் முடிந்து அக்கா வீட்டில் சாப்பாடு. சுறாப்புட்டு. அக்கா மகள் பெர்சியாளும் அவள் புருஷன் தவசிமணியும் வந்திருந்தார்கள். தவசிமணி பனை ஏறுகிறவன், வாய் திறக்காதவன். கல்யாணமான ஆறாம் மாசமே அவன் போய் மீதியானோர் சபையில் சேர்ந்தான். பின்னாலேயே இவளும் போனாள். எலியேசர் என்று ஒரு மூப்பர் எங்கிருந்தோ வந்து இருபது குடும்பத்தைக் கலைத்து உண்டாக்கிய சபை அது. சனிக்கிழமைதான் ஓய்வுநாளாம், நாங்கள் ஞாயிறு கும்பிடுவது மிருகத்தின் முத்திரை, சாத்தானின் அடையாளமாம். ஊரில் அவர்களுக்குச் சனியன் கூட்டம் என்று பெயர். பெயர் வைத்தது நான்.

பெர்சி தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எனக்கு வேண்டாம் மாமா. செதிலும் சிறகும் இல்லாத மீனு தின்னப்பிடாது."

"எந்த மடையன் சொன்னான்?"

"லேவியராகமம் பதினொண்ணு. நீங்கதான் பதினோரு தடவ படிச்சிருக்கியளே?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் தம்பி ரூபன் மட்டும் சிரிக்கவில்லை. "சின்னதுல சுறாப்புட்டுக்கு எங்கூட மல்லுக்கட்டுனவ இவ. எல்லாம் இந்த மூதி பண்ணுன வேல" என்று தட்டைத் தூக்கி மச்சான் முகத்தில் எறிந்தான். தவசிமணியின் புருவம் கிழிந்து ரத்தம் புட்டில் சொட்டியது. ரூபன் அதோடு விடாமல் அவன் தலைமயிரைப் பிடித்துச் சுவரில் இரண்டு முட்டு முட்டினான். நான் ஒற்றைக் கையால் இருவரையும் பிரித்தேன். அக்கா விளக்குமாற்றால் பிரித்தாள் என்று யாராவது சொன்னால் அவர்களுக்குக் கண் தெரியவில்லை.

பெர்சி புருஷனுக்குக் கட்டுப்போட்டு அழைத்துக்கொண்டு போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவன் நான்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். இந்தச் சனிக்கிழமை உபதேசத்தை வேதத்தில் வைத்து எடைபோட்டு, எலியேசரை ஊர் நடுவில் தோற்கடித்து, பிள்ளையைத் திரும்பக் கூட்டிவருவேன்.

மே 3, செவ்வாய்

பன்னிரண்டாம் தடவை படிக்க உட்கார்ந்தேன். என் வேதத்தில் முதல் நாலைந்து தாளைச் செல் அரித்திருக்கிறது. போகட்டும். உலகம் உண்டான கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏவாள் பழம் தின்னும் இடத்திலிருந்து தொடங்கினேன். மூன்று பங்க்சர் வந்தது. மத்தியானம் தூங்கிவிட்டேன்.

மே 7, சனி

எதிரியின் கோட்டையை வேவு பார்க்கப் போனேன். யோசுவாவும் அப்படித்தான் ஆளனுப்பினார்.

தவசிமணி வீட்டில் அடுப்பு அணைந்து கிடந்தது. பெர்சி பழஞ்சோறும் துவையலும் வைத்தாள்.

"பனைக்கு ஏதுட்டீ ஓய்வுநாளு?" என்றேன். "ஒரு நாள் பாளை சீவாம விட்டா காஞ்சிருமே?"

அதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை இவன் மரங்களில் அடுத்த விளைக்காரன், பக்கத்துப் பனந்தோப்பு ஆள், ஏறுகிறான். அவன் நம் கோயில் ஆள். ஞாயிற்றுக்கிழமை அவன் மரங்களில் இவன் ஏறுகிறான். இரண்டு பேருக்கும் ஓய்வு, பனைக்கு மட்டும் ஓய்வில்லை. கேட்டுச் சிரித்துவிட்டேன். பெர்சியும் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

"காப்பியாவது போடேன் தாயீ."

"பொழுது அடையட்டும் மாமா. உங்க கோயில் சாயங்கால மணிதான் எங்களுக்குக் கணக்கு. மணி அடிச்சு ஓயட்டும், சுள்ளி பொறுக்கியாந்து சுடச்சுடப் போட்டுத் தாரேன்."

அதுவரை நான் காத்திருக்கவில்லை. அடுப்பு மூட்டச் சோம்பல். அதற்கு ஒரு மதம்.

கிளம்பும்போது சொன்னாள்: "தர்க்கம் கிர்க்கம்னு எதும் வேண்டாம் மாமா. ரூபன் கைய நீட்டிருவான். அவனுக்கு நீங்க சொன்னா வேதவாக்கு."

இதை இங்கே எழுதக் காரணம், என் வாக்குக்கு ஊரில் உள்ள மதிப்பு தெரிய வேண்டும் என்பதுதான்.

மே 15, ஞாயிறு

இந்த நாள் சரித்திரத்தில் நிற்கும்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஆயிரம் பேர். எலியேசர் வெள்ளை வேட்டி, மூக்குக்கண்ணாடி, கையில் தடிப்புத்தகம். நானும் அதே அளவில் ஒன்று வைத்திருந்தேன். உள்ளே பாதி பஞ்சாங்கம். தூரத்துக்குத் தெரியாது.

அவர் ஆரம்பித்தார். பத்துக் கட்டளையில் நாலாவது என்ன? ஏழாம் நாள். ஒன்றாம் நாளை ஆசரிக்கச் சொல்லி ஒரு வசனம் காட்டு. "பேரப் பாருங்க! ஞாயிறுன்னா சூரியன். நீங்க கும்பிடுதது சூரியன."

"அப்ப நீரு கும்பிடுதது சனீஸ்வரனையா ஓய்?" என்றேன். மைதானம் அதிர்ந்தது. விசில்.

பிறகு வரிசையாக இறக்கினேன். ஆண்டவர் உயிர்த்தது வாரத்தின் முதல் நாளில். துரோவா பட்டணத்தில் சீஷர்கள் அப்பம் பிட்கக் கூடினது வாரத்தின் முதல் நாளில். கொலோசெயர் இரண்டாம் அதிகாரம்: ஓய்வுநாட்களைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தக் கூடாது, அதெல்லாம் நிழல், கிறிஸ்துதான் பொருள். நல்ல அடிதான். ஆனால் அந்த ஆள் அசரவில்லை. அது பண்டிகை ஓய்வுநாள், இது வாராந்தர ஓய்வுநாள் என்று அரை மணி நேரம் பிரித்துப் பிரித்துப் பேசினார். ஜனம் கொட்டாவி விட ஆரம்பித்தது. பெர்சி அந்தப் பக்கப் பெண்களோடு முக்காடு போட்டு உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவருக்குத் தலையாட்டினாள். 

அப்போதுதான் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். எண்ணாகமம் பதினைந்து.

"வனாந்தரத்துல ஒரு மனுஷன் ஓய்வுநாளுல விறகு பொறுக்குனான். அவன என்ன செய்தாங்க ஓய்? சபை மொத்தமும் கல்லெறிஞ்சு கொன்னுது! நியாயப்பிரமாணம் வேணும், தண்டன வேண்டாமா? ஒம்ம சபையில ஒருத்தன் சனிக்கிழம விறகு பொறுக்குனா நீரு கல்லு எடுப்பீரா, மாட்டீரா? எடுத்தா கொலகாரன். எடுக்காட்டா பொய்யன்!"

எலியேசர் வாயைத் திறந்தார். கிறிஸ்து, சிலுவை, தண்டனையைச் சுமந்தார் என்று உதடு அசைந்தது. விசிலில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத பதில் பதிலல்ல.

பிறகு பெஞ்சு பறந்தது. யார் முதலில் என்று தெரியாது. எலியேசரின் கண்ணாடி உடைந்து ஒரு சில்லு கன்னத்தில் ஏறி நின்றது. அவர்கள் பக்கத்து ஆள் ஒருவனை ரூபன் சைக்கிள் செயினால் விளாசியதில் காதுமடல் தொங்கியது. அவர்களும் சும்மா இல்லை. நம் பையன் ஒருவன் விலா எலும்பு முறிந்து படுத்துவிட்டான். நான் ஏழு பேரைச் சாய்த்தேன்.

ரூபன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றினான். "மாமா, விறகு பொறுக்கி! அந்த ஒரு வார்த்தைல அடிச்சிட்டீரே!"

மே 16, திங்கள்

முன்பல் ஒன்று இல்லை. பழைய பல். தானாக விழ வேண்டியதுதான்.

மே 21, சனி

பையன்கள் ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறார்கள். மடி நிறையக் கல்லோடு தேரி மேட்டில், அந்தச் செம்மணல் குன்றின் மேல், உடைமரத்துக்குப் பின்னால் சனிக்கிழமை முழுக்கப் பதுங்கிக் கிடப்பது. மீதியானோர் யாராவது விறகு பொறுக்க வந்தால் வேதப்படி எறிவது. "சும்மா வெரட்டத்தான் மாமா" என்றான் ரூபன். நானும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஒருவரும் வரவில்லை.

அடுத்த விளைக்காரன் தவசிமணி மரத்தில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டான். நம் பையன்கள் மிரட்டியிருக்கிறார்கள். தவசிமணிக்குப் பன்னிரண்டு மரம். யாரோ ஏறி எல்லாப் பாளையையும் கொத்திப் போட்டிருக்கிறார்கள். மரத்தடியெல்லாம் பாளைத் துண்டு, அறுத்த விரல் மாதிரி.

மே 27, வெள்ளி

அவர்கள் ஜெபக்கொட்டகை எரிந்தது. எங்கள் கோயில் சாயங்கால மணி அடித்து முடிந்த கையோடு. ஓலைக்கொட்டகை, ஒரே மூச்சில் ஏறியது.

ஒரு வேடிக்கை. எலியேசரின் ஆட்கள் குடத்தை வைத்துக்கொண்டு மரம் மாதிரி நிற்கிறார்கள். "ஓய்வுநாள் தொடங்கியாச்சு, சுமை தூக்கலாமா?" என்று ஒருவன் கேட்கிறான். இன்னும் வெள்ளிக்கிழமைதானே, இந்த முட்டாள்களுக்கு என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை. தவசிமணிதான் கத்தினான், அவன் கத்தி நான் கேட்டதே இல்லை. "கெணத்துல விழுந்த மாட்டத் தூக்கலாம்னு ஆண்டவரு சொல்லலையா? உள்ள கெழவி கெடக்கா!" அவன் உள்ளே ஓடி ஒரு கிழவியைத் தூக்கி வந்தான். கிழவியின் முதுகுத் தோல் அவன் கையோடு வந்தது.

தீ வைத்தது நான்தான் என்று ஊரில் இரண்டு பேரிடம் சொல்லி வைத்தேன். உண்மையில் நான் கடையில் இருந்தேன். ஆனாலும் தலைவன் என்று இருந்தால் இப்படித்தான் சொல்ல வேண்டும்.

மே 29, ஞாயிறு

அவர்கள் பதில் கொடுத்தார்கள். ரூபனின் சிநேகிதன் ஒருவனைக் கோயிலுக்கு வருகிற வழியில் மறித்து, பாளை சீவும் அருவாளால் வெட்டினார்கள். வலது கையில் மூன்று விரல் போயிற்று. பையன் மீதி இரண்டு விரலைப் பிடித்தபடி கோயிலுக்குள்ளேயே வந்து நின்றான். பாட்டு நின்றது. பீடத்துப் படியெல்லாம் ரத்தம். போதகர் சமாதானம் சமாதானம் என்று கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார். ரூபன் எழுந்து வெளியே போய்விட்டான்.

ஜூன் 2, வியாழன்

பெர்சி கடைக்கு வந்தாள். நாலாம் மாசமாம். அக்காவிடம் சொல்லச் சொன்னாள். "ரூபன்ட்டயும் சொல்லுங்க மாமா. மருமகன் வாரான்னா கோவம் தணியும்லா."

ரூபனைப் பார்க்கும்போது சொல்ல வேண்டும். இன்று மூன்று வீல் கோட்டம் எடுக்க இருந்தது.

ஜூன் 4, சனி

இன்று காலை முதல் ராத்திரி வரை நான் திருச்செந்தூரில் இருந்தேன். டியூப் வாங்கப் போயிருந்தேன். ரூபனும் என் கூடவே இருந்தான். இரண்டு பேரும் கடலில் குளித்தோம். ஊரில் என்னமோ நடந்ததாகத் திரும்பி வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன்.

ஜூன் 5, ஞாயிறு

பெரியாஸ்பத்திரி. பெர்சியின் தலையில் துணியைச் சுற்றிச் சுற்றி, முகம் கைப்பிடி அளவுக்குத் தெரிகிறது. ஒரு கண் இல்லை. வயிற்றுப் பிள்ளை நேற்றே போய்விட்டது. தவசிமணி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறான். அவனைத் தண்ணீர் வாங்க அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"மாமா, நீங்க அங்கதான நின்னிய."

"நான் திருச்செந்தூர்ல…"

"ஒங்க சத்தம் கேட்டுது. இன்னும் சனிக்கெழமதாம்ல, ராத்திரி பன்னெண்டு மட்டும் சனிக்கெழமதாம்னு சொன்னிய. தப்பாச் சொல்லிட்டிய மாமா."

நான் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினேன். 

"பொழுது அடைஞ்சிட்டு. மணி அடிச்சு ஓஞ்ச பொறவுதான் நான் சுள்ளிக்குக் குனிஞ்சேன். ஆதியாகமம் மொதத் தாளுலயே இருக்கே மாமா, சாயங்காலமும் விடியற்காலமுமாகின்னு. நாளு சாயங்காலத்துலயே தொடங்கிரும்லா. மூப்பரு நான் ஓய்வுநாள மீறுனேன்னு சொல்லுதாராம். எனக்கு அதுதான் பாரமா இருக்கு. நீங்க பாத்தியள்ளா? சொல்லுங்க."

"ரூபன்" என்றேன். வேறென்ன சொல்வது?

"அவனுக்கு நான்னு தெரியாதுல்லா? முக்காடு போட்டிருந்தேன்." என் சட்டைக் கையைப் பிடித்து, "சொல்லாதிங்க அவன்ட்ட, யாருன்னு" என்றாள். அவனுக்குத் தெரியும். எறிந்த பிறகு ஓடிப்போய்ப் புரட்டிப் பார்த்தவன் அவன்தான்.

ஜூன் 6, திங்கள்

விடியுமுன் போய்விட்டாள்.

ஜூன் 7, செவ்வாய்

நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது?

சனிக்கிழமைக் குறிப்பு அக்கா சொல்லி எழுதினது. "எதுலயாவது எழுதி வைல, போலீஸ் பாத்தா உதவும். ஒண்ணு சாவக் கெடக்கு, இன்னொண்ணையும் எங்கிட்டருந்து பிடுங்கிராத" என்று என் காலில் விழுந்தாள். நான் எழுதினதிலேயே மோசமான பொய் அது. ஒரு அழகும் இல்லை.

நடந்தது இது. தேரி மேட்டில் ரூபன், இன்னும் மூன்று பையன்கள், நான். மேற்கே பனைகளுக்குப் பின்னால் சூரியன் முழுக்க இறங்கிவிட்டது. கோயில் மணி அடித்து ஓய்ந்தது. பையன்கள் கல்லைக் கொட்டிவிட்டு எழுந்துவிட்டார்கள். அப்போது கீழே ஒரு பொம்பிளை முக்காட்டோடு வந்து குனிந்தாள். ரூபன் கேட்டான்: "மாமா, இன்னும் சனிக்கெழமதானா?" எனக்குத் தெரியாது என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறேனா? ராத்திரி பன்னிரண்டு மட்டும் சனிக்கிழமைதான் என்று சொன்னேன். முதல் கல் தோளில் பட்டது. அவள் நிமிர்ந்தாள். ஓடவில்லை. சுள்ளியை மார்போடு அணைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். என்னமோ சொல்ல வந்தாள். இரண்டாவது கல் கண்ணில். பிறகு எண்ண முடியாமல் வந்தது. தேங்காயைத் தரையில் அடிக்கிற சத்தம். சுள்ளி ஒன்றுகூடச் சிதறவில்லை; விழுந்த பிறகும் கட்டிப் பிடித்திருந்தாள்.

இன்று மத்தியானம் பிணம் நடுரோட்டில் கிடந்தது. எங்கள் கல்லறைத் தோட்டத்துச் சாவியை யாரும் தரவில்லை. சபையை விட்டுப் போனவளாம். எலியேசர் தங்கள் தோட்டத்து வாசலில் கன்னத்துத் தையல் தழும்போடு நின்றார்.

"ஓய்வுநாள்ல விறகு பொறுக்குனவளுக்கு இங்க எடமில்ல."

தவசிமணி பாடைக்காலைப் பிடித்தபடி, "அவ பொழுது அடைஞ்சுதான் போனா மூப்பரே" என்றான்.

"நீ பாத்தியா?"

"நான் வீட்டுல இருந்தேன்."

"வேற யாரு பாத்தா? சாட்சி உண்டா?"

வெயில். ஈ. இரண்டு பக்கமும் ஆட்கள் கம்போடும் அருவாளோடும் நிற்கிறார்கள். நடுவில் இன்ஸ்பெக்டரும் போலீசும். ரூபன் எங்கள் ஆட்களுக்குப் பின்னால் நின்றான். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. அக்கா என்னையே பார்த்துத் தலையை மெதுவாக, மெதுவாக ஆட்டினாள். வேண்டாம் என்று.

"நான் பாத்தேன்" என்றேன்.

எலியேசர் சிரித்தார். "நீரா? நீரு எதத்தான் பாக்கல! வெள்ளக்காரப் பிஷப்பையே பாத்தவராச்சே."

"பொழுது அடைஞ்சிட்டு. மணி அடிச்சு ஓஞ்சிட்டு. அதுக்குப் பொறவுதான் பிள்ள குனிஞ்சா. இந்த ஜில்லாவுலயே என் கண்ணு மாதிரி கண்ணு கெடையாது ஓய். பனங்காட்டுக்கு மேல செவப்புகூடப் போயிட்டு. வானத்துல ஒரு வெள்ளி தெரிஞ்சுது. அவ ஓய்வுநாள மீறல. மீறுனான்னு நான்தான் சொன்னேன். ஆதியாகமம் மொதத் தாளு எங்கிட்ட இல்ல."

இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்தார். "நீரு எங்க நின்னு பாத்தீரு?"

அக்கா கத்தினாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தேரி மேட்டுல. ரூபனுக்குப் பக்கத்துல."

எலியேசர் ரொம்ப நேரம் பாடையைப் பார்த்தார். பிறகு தானே போய் வாசலைத் திறந்தார். தவசிமணியும் நானும் முன்பக்கம் தூக்கினோம். பின்பக்கம் தூக்க ஆள் இல்லை. ரூபன் வந்தான். போலீஸ்காரர் ஒருவர் அவன் இடுப்பு வேட்டியைப் பிடித்துக்கொண்டே கூட நடந்தார். குழி மூடும்வரை விட்டு வைத்தார்கள்.

பெயர் எழுதும்போது என்னை ஐந்தாவதாகப் போட்டார் இன்ஸ்பெக்டர். முதலாவதாகப் போடுங்கள் என்றேன். எறிஞ்சவன்தான் முதல்ல என்றார். நான் சொல்லித்தான் எறிந்தார்கள் என்று எவ்வளவோ சொன்னேன். "சும்மா இரும் ஓய், எல்லாத்துலயும் ஒமக்கு மொத எடம் வேணும்" என்று, கூப்பிடும்போது வரச்சொல்லி அனுப்பிவிட்டார்.

ஜூன் 9, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன். நேற்றுக் கடையை உடைத்தார்கள். நம் ஆட்கள்தான். காற்றடிக்கிற பம்பாலேயே வலது கையை மூன்று இடத்தில் முறித்தார்கள். இருபது பேர் வந்தார்கள்.

இல்லை, மூன்று பேர்தான். நான் ஒருவரையும் அடிக்கவில்லை.

ஜூன் 10, வெள்ளி

அக்கா வாசலில் வந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து என் வீட்டின் மேல் எறிந்துவிட்டுப் போனாள். கஞ்சி கொண்டுவந்து வைத்தது தவசிமணி.  தன் வேதத்தையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். முதல் தாள்கள் இருக்கின்றன.

ஜூன் 12, ஞாயிறு

மணி அடித்து ஓய்ந்தது. மேற்கே சிவப்பு போய்விட்டது. பக்கத்து வீட்டு ரேடியோவில் இன்னும் சனிக்கிழமைச் செய்திதான் வாசிக்கிறார்கள்.

தேதி தப்பு என்று யாரும் திருத்த வேண்டாம். பொழுது அடைந்துவிட்டது. நான் பார்த்தேன்.